'தீவிரம்' ஒன்றா, இரண்டா?



உங்கள் வீட்டுக்கு வரும் நாளிதழை ஒரு வாரம் விடாமல் புரட்டிப் பாருங்கள். 'தீவிர' என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். 'தீவிரப் புயல்', 'தீவிர சிகிச்சைப் பிரிவு', 'போலீசார் தீவிர விசாரணை', 'தீவிர போலியோ சொட்டு மருந்து முகாம்'... 2025-ஆம் ஆண்டின் கடைசியில், 'வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தம்' என்று எல்லாப் பத்திரிகைகளிலும் வந்ததே, நினைவிருக்கிறதா?

புயலுக்கும் தீவிரம், மருத்துவத்துக்கும் தீவிரம், பட்டியலைத் திருத்துவதற்கும் தீவிரம். ஒரே சொல்லை இப்படி எல்லா இடத்திலும் ஒட்ட வைத்தால், எது எதைச் சொல்கிறது என்று எப்படித் தெரியும்?

ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று, 'இன்டென்ஸ்'. இன்னொன்று, 'இன்டென்சிவ்'. பார்ப்பதற்கு அண்ணன், தம்பி மாதிரி இருக்கும். அதனாலேயே பலரும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டு விடுகிறார்கள். 'நீளமாக இருப்பதுதான் கெத்து' என்று நினைத்து, தலைவலிக்குக்கூட 'இன்டென்சிவ்' போடுகிறவர்கள் உண்டு. அது தவறு.

இந்த இரண்டையும் பிரித்துப் பேசவும், எழுதவும் நாம் பழக வேண்டும் என்பது என் கருத்து. ஆங்கிலப் பரீட்சையில் ஒரு மதிப்பெண் கூடக் கிடைக்கும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

* இழுத்துக் கட்டிய கயிறு

இரண்டு சொல்லும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவைதான். 'இழுத்து நீட்டுவது' என்று பொருள் தரும் ஒரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. வில்லின் நாணை இழுத்துக் கட்டுகிறோம் அல்லவா, அதைப் போல! 'இன்டென்ஷன்', அதாவது நோக்கம் என்ற சொல்லும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

இதில் 'இன்டென்ஸ்' என்பது, ஒன்று எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதைச் சொல்லும். சித்திரை மாத வெயில் மண்டையைப் பிளக்கிறதா? அது 'இன்டென்ஸ் ஹீட்'. பல்வலி உயிர் போகிறதா? அது 'இன்டென்ஸ் பெயின்'. கண்ணைக் கூச வைக்கும் வெளிச்சம், தாங்க முடியாத துக்கம், அடக்க முடியாத கோபம் எல்லாம் இந்தக் கூட்டம்தான். யாரும் திட்டம் போட்டு வெயிலைக் காய்ச்சுவதில்லை. யாரும் அட்டவணை போட்டுக் கோபப்படுவதில்லை.

'இன்டென்சிவ்' அப்படி அல்ல. கொஞ்ச இடத்தில் அல்லது கொஞ்ச நேரத்தில், நிறைய உழைப்பையும் கவனத்தையும் குவித்து, ஒரு நோக்கத்தோடு செய்யும் வேலையைச் சொல்வது அது. இதற்குப் பின்னால் எப்போதும் யாரோ சிலர் இருப்பார்கள். அவர்கள் கையில் ஒரு திட்டம் இருக்கும்.

நினைவில் வைக்க எளிய வழி சொல்லட்டுமா? 'ஆக்டிவ்', 'கிரியேட்டிவ்' என்ற சொற்கள் உங்களுக்குத் தெரியும். இரண்டின் வாலிலும் 'இவ்' இருக்கிறது. இரண்டிலும் ஏதோ ஒரு செயல் இருக்கிறது. எல்லாச் சொல்லுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. ஆனால், நம்முடைய இரண்டு சொற்களுக்குப் போதும். 'இவ்' வால் முளைத்திருந்தால், அங்கே யாரோ வேலை செய்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

* நக்கீரர் ஊரிலிருந்து ஒரு பாடம்

இந்த வேறுபாட்டை நன்றாகப் புரிந்து கொள்ள, புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் கீரமங்கலத்துக்குப் போவோம். ஆலங்குடி வட்டத்தில் உள்ள பேரூராட்சி அது. அங்குள்ள மெய்நின்றநாத சுவாமி கோவிலில், 81 அடி உயரச் சிவன் சிலை ஒன்று இருக்கிறது. புலவர் நக்கீரருக்கும் அங்கே சிலை உண்டு. ஊரின் பெயரில் உள்ள 'கீர' என்பதே நக்கீரரைக் குறிப்பதுதான் என்று அவ்வூர் மக்கள் பெருமையோடு சொல்வார்கள்.

நக்கீரர் கதை தெரியுமா, குட்டீஸ்? 1965-ஆம் ஆண்டு வந்த 'திருவிளையாடல்' படத்தில் பார்த்திருப்பீர்கள். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, இல்லையா என்று பாண்டிய மன்னனுக்குச் சந்தேகம். தருமி கொண்டு வந்த பாட்டு, 'உண்டு' என்றது. நக்கீரரோ ஒப்புக் கொள்ளவில்லை. கூந்தலின் மணம், சூடும் பூவாலும் பூசும் பொருளாலும் வருவதுதான் என்று சொன்னார். பாட்டை எழுதியவர் சிவபெருமானே என்று தெரிந்த பிறகும், நெற்றிக்கண்ணைக் காட்டிய பிறகும், அவர் தன் பேச்சை மாற்றவில்லை. இது புராணக் கதைதான். ஆனால், நக்கீரர் கேட்ட கேள்வி என்ன என்று கவனியுங்கள். 'தானாக இருப்பதா? ஒருவர் செய்ததால் வந்ததா?'

நம் இரண்டு சொற்களுக்கும் இதே கேள்விதான் சாவி!

இன்னொரு வேடிக்கை. நக்கீரரின் பெயரைச் சொல்லும் கீரமங்கலம், பூவுக்குப் பேர் போன ஊர். மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி என்று சுற்றுப்புறக் கிராமங்களில் விளையும் பூக்கள், கீரமங்கலம் பூச் சந்தைக்கு வருகின்றன. சந்தைக்குள் நுழைந்தாலே மணம் மூக்கைத் துளைக்கும். அந்த மணம் 'இன்டென்ஸ்'. ஆனால், அந்தப் பூவை விளைவிக்கும் வேலை இருக்கிறதே, அது 'இன்டென்சிவ்'. மல்லிகை மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும். அதனால் விடிவதற்கு முன்பே தோட்டத்தில் இறங்கி, ஒவ்வொரு மொட்டாகக் கையால் கிள்ளுவார்கள். ஒரு நாள் விட்டாலும் அன்றைய பூ வீண். சின்னத் தோட்டம், ஆனால், கொள்ளாத உழைப்பு. இப்படிப்பட்ட தொழிலைத்தான் பொருளாதாரப் புத்தகங்களில், உழைப்பு என்ற சொல்லோடு 'இன்டென்சிவ்' சேர்த்து, 'லேபர் இன்டென்சிவ்' என்று எழுதுவார்கள்.

வேளாண்மையில் இந்தச் சொல்லுக்குப் பழைய வரலாறே உண்டு. நாட்டில் உணவுத் தட்டுப்பாடு இருந்த காலத்தில், 1960-61-இல் மத்திய அரசு 'தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம்' ஒன்றைத் தொடங்கியது. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் நம் தஞ்சாவூரும் ஒன்று. நல்ல விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்து, இருக்கும் நிலத்திலேயே அதிகம் விளைவிப்பதுதான் நோக்கம். அந்தத் திட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது 'இன்டென்சிவ்'. 'இன்டென்ஸ்' அல்ல!

* புயல் வேறு, புயலுக்குப் பின் வேறு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16. விடிவதற்கு முன்பே, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே 'கஜா' புயல் கரையைக் கடந்தது. உங்களில் பலர் அப்போது மழலைகளாக இருந்திருப்பீர்கள். கரையைக் கடந்ததோடு அது ஓயவில்லை. திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று உள்ளே புகுந்து சுழற்றியது. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு பகுதிகளில் தென்னை மரங்கள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. பிள்ளையைப் போல வளர்த்த மரங்கள் ஒரே இரவில் வேரோடு கிடந்தன.

இந்திய வானிலைத் துறை புயல்களைக் காற்றின் வேகத்தை வைத்துப் பிரிக்கிறது. மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால் புயல். 89 கி.மீ.யைத் தொட்டால் தீவிரப் புயல். 118-ஐத் தொட்டால் மிகத் தீவிரப் புயல். கஜா, மிகத் தீவிரப் புயலாகக் கரையைக் கடந்தது. இங்கே துறையினர் ஆங்கிலத்தில் எழுதும் சொல் 'சிவியர்'. அதாவது கடுமையானது. தமிழில் இதற்கும் 'தீவிர' என்றுதான் போடுகிறோம். பார்த்தீர்களா, மூன்றாவதாக ஒரு சொல்லின் சுமையையும் சேர்த்து இந்தத் 'தீவிர' சுமக்கிறது!

அந்த இரவில் வீசிய காற்று 'இன்டென்ஸ்'. மறுநாள் காலையில் விழுந்த மரத்தைக் கட்டிக் கொண்டு அழுத விவசாயியின் துக்கமும் 'இன்டென்ஸ்'. செய்தியைப் பார்த்துத் தமிழகம் முழுவதும் எழுந்த இரக்கம்கூட 'இன்டென்ஸ்'தான்.

ஆனால், இவற்றில் எதுவும் சாய்ந்த மின்கம்பத்தை நிமிர்த்தாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் அப்போது விழுந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும், கேரளம் போன்ற பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்தார்கள். வயலில் தேங்கிய நீரில், இடுப்பளவு சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். ஒரு தெருவுக்கு வெளிச்சம் வந்ததும் அடுத்த தெரு. அது முடிந்ததும் அடுத்த ஊர். இது 'இன்டென்சிவ்'.

அடுத்த ஆண்டு, 2019-இல், கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பேராவூரணியில் 'கைஃபா' என்ற அமைப்பின் இளைஞர்கள், அங்குள்ள பெரியகுளத்தைத் தூர் வாரினார்கள். கரையைப் பலப்படுத்தினார்கள். கீரமங்கலம் வட்டாரத்துக் கிராமங்களிலும் இளைஞர்கள் ஒன்று கூடி, குளங்களையும் வாய்க்கால்களையும் சீர் செய்தார்கள். இதுவும் 'இன்டென்சிவ்'.

இன்னொன்றையும் யோசியுங்கள். புதிதாக நட்ட நெட்டைத் தென்னை காய்க்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். புயல் அடித்தது ஒரே ஒரு இரவு. அதைச் சரி செய்ய வேண்டிய உழைப்போ ஆண்டுக் கணக்கு!

கடுமை வேறு, முனைப்பு வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிச் சொல்லி, நாம் ஒன்றை இன்னொன்றாக நினைக்கத் தொடங்கி விடுகிறோம். மனம் உருகி அழுதாலே உதவி செய்தது போல ஆகிவிடும் என்று எண்ணுகிறோம். அது ஆபத்து. இதற்காகத்தான் இரண்டையும் பிரித்துப் பேச வேண்டும் என்கிறேன்.

கீரமங்கலத்தை அடுத்த சேந்தன்குடியில், 'மரம்' தங்கசாமி என்று ஒரு பெரியவர் இருந்தார். மரங்களின் மீது அவருக்கு இருந்த அன்பு கொஞ்சநஞ்சமல்ல. அந்த அன்பை 'இன்டென்ஸ்' என்று சொல்லலாம். ஆனால், அன்பு மட்டும் இருந்திருந்தால் அவரை யாருக்கும் தெரிந்திருக்காது. தன் நிலத்தையே ஒரு காடு போல ஆக்கி, பார்க்கிறவர்களிடம் எல்லாம் மரம் நடச் சொல்லி, மரக்கன்றுகளைக் கொடுத்துக் கொண்டே இருந்தார். கஜா வருவதற்கு முன்பே, அதே 2018-இல் காலமானார். 'மரம்' என்ற அடைமொழி, அன்பு வைத்ததற்காகக் கிடைத்தது அல்ல. இடைவிடாமல் செய்ததற்காகக் கிடைத்தது!

* ஆஸ்பத்திரிப் பலகையைப் பார்த்துப் பயமா?

அரசு மருத்துவமனைகளில் 'தீவிர சிகிச்சைப் பிரிவு' என்று பலகை வைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் அது 'இன்டென்சிவ் கேர் யூனிட்'. சுருக்கமாக, 'ஐ.சி.யூ.'. பாட்டியை அங்கே சேர்த்திருக்கிறார்கள் என்றதும் வீட்டில் பலருக்கும் கை, கால் நடுங்கும். 'தீவிர' என்ற சொல்லே பயமுறுத்துகிறது.

கொஞ்சம் நின்று படியுங்கள். அந்தச் சொல் எதோடு ஒட்டியிருக்கிறது? நோயோடு அல்ல, சிகிச்சையோடு! உடல்நிலை மோசமானவர்களைத்தான் அங்கே சேர்ப்பார்கள் என்பது உண்மை. ஆனால், பலகை சொல்வது, 'இங்கே கவனிப்பு அதிகம்' என்பதைத்தான். இதயத் துடிப்பையும், ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவையும் கருவிகள் இரவு, பகலாகப் பார்த்துக் கொண்டிருக்கும். மற்ற வார்டுகளைவிட அங்கே ஒரு நர்சுக்கு நோயாளிகள் குறைவு.

இந்தப் பிரிவு பிறந்த கதை அருமையானது. 1952-இல் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில், இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ கொடூரமாகப் பரவியது. மூச்சு விடும் தசைகள் செயலிழந்து, பலர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் அதிகம். அப்போது பியோன் இப்சன் என்ற மருத்துவர் ஒரு வழி சொன்னார். தொண்டையில் சிறு துளையிட்டு, குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றைச் செலுத்துவது. முதலில் பிழைத்தது 12 வயதுச் சிறுமி. ஆனால், நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குப் பையை அமுக்குவது யார்? மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சுமார் 1,500 பேர், முறை வைத்துக் கொண்டு, படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரவு, பகலாக அமுக்கினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. அடுத்த ஆண்டே, இத்தகைய கவனிப்புக்காகத் தனிப் பிரிவு உருவானது.

நோய் 'இன்டென்ஸ்'. அந்த மாணவர்களின் கைகள் 'இன்டென்சிவ்'. எது ஜெயித்தது என்று பாருங்கள்!

நம் நாட்டிலும் அதே போலியோவை விரட்ட, வீடு வீடாக, பஸ் நிலையம், ரயில் நிலையம் என்று ஒவ்வோர் இடத்திலும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். 2014-இல் இந்தியா போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்றது. 'தீவிர' முகாம் என்று அறிவிப்பில் வந்ததன் பொருள் இப்போது புரிகிறதா? வாக்காளர் பட்டியல் 'தீவிரத் திருத்தம்' என்பதும் இப்படித்தான். வழக்கமான சுருக்கமுறைத் திருத்தம் போல் இல்லாமல், வீடு வீடாகப் படிவம் கொடுத்து, முழுப் பட்டியலையும் சரி பார்ப்பதால் அந்தப் பெயர்.

* 'புரிந்தால் போதாதா?'

'இடம் பார்த்தால் பொருள் புரிந்து விடுகிறதே! இதற்கு ஏன் இவ்வளவு அலசல்?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சில இடங்களில் இரண்டு சொல்லும் பொருந்தும் என்பதையும் ஒப்புக் கொள்கிறேன். கபடிப் பயிற்சி ஒன்றை 'இன்டென்ஸ் டிரெயினிங்' என்றும் சொல்லலாம். 'இன்டென்சிவ் டிரெயினிங்' என்றும் சொல்லலாம். ஆனால், பொருள் ஒன்று அல்ல. முதலாவது, பயிற்சி எவ்வளவு கஷ்டமாக இருந்தது, எப்படிப் பெண்டு நிமிர்ந்தது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, பத்தே நாளில் எவ்வளவு பயிற்சியைத் திட்டமிட்டுக் குவித்தார்கள் என்பதைச் சொல்கிறது. பேசுகிறவர் எதை நினைக்கிறார் என்று சொல்லே காட்டிக் கொடுத்து விடும். இந்த வசதியை ஏன் இழக்க வேண்டும்?

தமிழில் எழுதும்போதும் 'தீவிர' என்ற ஒரே சொல்லை வைத்து ஓட்ட வேண்டியதில்லை. நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? கடும் வெயில், கொடும் பசி, உக்கிரமான காற்று, தாளாத வலி... இவை ஒரு பக்கம். முனைப்பான முயற்சி, இடைவிடாத பயிற்சி, முழு மூச்சான வேலை, ஊன்றிய படிப்பு... இவை இன்னொரு பக்கம். மருத்துவமனைப் பலகையை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அது ஊன்றி விட்ட பெயர். ஆனால், நீங்கள் எழுதும் கட்டுரையில், கடுதாசியில், பேச்சுப் போட்டியில் சரியான சொல்லைப் பொறுக்கிப் போடலாம் அல்லவா?

கடைசியாக, உங்கள் விஷயத்துக்கே வருகிறேன். பரீட்சைக்கு முந்தின வாரம் வயிற்றைக் கலக்குமே, ஒரு பயம்! அது 'இன்டென்ஸ்'. புத்தகத்தை மடியில் வைத்துக் கொண்டு, நடுராத்திரி வரை கவலைப்பட்டு, தூக்கம் கெட்டு உட்கார்ந்திருந்தால், 'ரொம்பத் தீவிரமாகப் படிக்கிறான்' என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் கவலைதான் தீவிரமாக இருக்கும், படிப்பு இருக்காது! தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, தெரியாத ஐந்து கணக்குகளைப் போட்டுப் பார்த்து, தவறியதை மறுபடி போடுகிறீர்களா? அது 'இன்டென்சிவ்'. பயமே இல்லாமல்கூட அதைச் செய்யலாம்; பயத்தோடும் செய்யலாம்.

எனவே, அடுத்த முறை 'தீவிரம்' என்ற சொல்லைப் படிக்கும்போதோ, எழுதும்போதோ, நக்கீரர் போல ஒரு கேள்வி கேளுங்கள். 'இது தானாக வந்த கடுமையா? யாரோ செய்யும் முனைப்பா?' விடை 'கடுமை' என்றால், தாங்கிக் கொள்ளவோ, தப்பித்துக் கொள்ளவோ வழி பாருங்கள். 'முனைப்பு' என்றால், அதில் நீங்களும் ஒரு கை கொடுக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள், சரியா!